இறக்க மறந்த கொத்து

"உள்ள வரலாமா?" என்று கேட்டவன் அதற்குள் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

ரோமானா நிமிர்ந்து பார்த்தாள். நல்ல கோலத்தில்தான் இருந்தாள்... காலில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ், கையில் தேய்க்கிற பிரஷ், முழங்கை வரை சோப்பு நுரை. கடையின் நீளப் பெஞ்சுகளை அவள் தேய்க்கத் தேய்க்க மழை அலசிவிட்டுக்கொண்டிருந்தது. வந்தவன் மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்... மழைநாளில் டான்யூப் ஆறு எடுக்கிற நிறம். பச்சையா, சாம்பலா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குடை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொரு குடை. அப்புறம் ஒரு பஸ் கூட்டமே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"கடை லீவு," என்றாள்.

"லீவா? வாசல்ல கொத்து தொங்குதே."

"எங்க முறை நேத்தோட முடிஞ்சுது. தொங்காது."

"அப்படீங்களா... அப்ப அது தானாவே ஏறிக்கிச்சு போல."

கிண்டல். ரோமானாவுக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. பிரஷை வாளியில் போட்டுவிட்டு, குடைகளை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வாசல் வளைவுக்கு மேலே, நீண்ட கழியின் நுனியில், பைன் கிளைகளைச் சேர்த்துக் கட்டிய அந்தப் பச்சைக் கொத்து. ஊசி இலை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர்.

லோய்பாக்கில் மூன்று தோட்டக்கார வீடுகள் சொந்த ஒயினைச் சொந்த முற்றத்தில் ஊற்றுகின்றன. மூன்றும் மும்மூன்று வாரமாக முறை வைத்துக்கொண்டுதான். எந்த வாசலில் கொத்து தொங்குகிறதோ அந்த வீடு திறந்திருக்கிறது. தொங்குகிற வரை யார் வந்தாலும் உட்காரவைத்து ஊற்ற வேண்டும், வராதே என்று சொல்ல முடியாது. முறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை மாலை கொத்தை இறக்கிவிட வேண்டும். திங்கட்கிழமை அடுத்த வீட்டுக் கொத்து ஏறும். இரண்டு கொத்துகள் ஒரே நாளில் தொங்கி அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

இன்றைக்குப் பார்த்தது. எதிர்வீட்டு ஸென்ஸி அத்தை தன் வாசலில், தன் கொத்துக்குக் கீழே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரோமானா, இது யாரு வாரம்?"

"உங்க வாரம்தான் அத்தை. இறக்க விட்டுப்போச்சு. இவங்களை உங்ககிட்ட அனுப்பிடறேன்."

"அனுப்புவியா? உன் கொத்தைப் பாத்து வந்தவங்க உன் விருந்தாளிங்க. அவங்களை நான் இழுத்துக்கிட்டா நாளைக்கு ஊர் என்னைத்தான் பேசும். போ, போய் ஊத்து. சாயங்காலத்துக்குள்ள இறக்கிடு."

வேறு வழியில்லை. ரோமானா பூட்ஸோடு சமையலறைக்கும் முற்றத்துக்குமாக ஓடினாள். ரொட்டி முந்தின நாளது. புகைபோட்ட பன்றிக்கறி கொஞ்சம், மிளகாய்ப்பொடி கலந்த சீஸ் மசியல் ஒரு கிண்ணம், ஊறுகாய் வெள்ளரி. கூரைக்குக் கீழே இருந்த இரண்டு மேஜைகளில் எல்லோரும் ஒண்டிக்கொண்டார்கள். மஞ்சள் கோட்டுக்காரன் யாரும் சொல்லாமலே தட்டுகளைத் தூக்கினான்.

"படகுல சாப்பாடு ஏற்பாடு பண்ணியிருந்தேன். ஆத்துல தண்ணி ஏறிடுச்சுன்னு படகை நிறுத்திட்டாங்க," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பசியில என்னையே தின்னிருப்பாங்க. என் பேரு செவரின். டிரைவரும் நான்தான், வழிகாட்டியும் நான்தான்."

"எந்த ஊரு?"

"லின்ஸ்."

"அந்த இரும்பாலை ஊரா? அங்க இரும்புதானே காய்க்கும். ஒயினைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. குடிக்கறதும் இல்ல, வண்டி ஓட்டணுமே. எனக்கு திராட்சைச் சாறு குடுங்க."

"குடிக்காமலேவா இதுல பீச் வாசனை, அதுல மிளகு வாசனைன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க?"

"நம்பறாங்களே..."

ரோமானா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது, சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று. கண்ணாடிக் குவளையை வேகமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

மழை தூறலானது. உள்ளே யாரோ பாடத் தொடங்கியிருந்தார்கள். ரோமானா ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். செவரின் பின்னாலேயே வந்தான்.

"நான் ஏறறேன், நீங்க பிடிச்சுக்கோங்க. இப்படியா மறப்பீங்க? எதிர்வீட்டம்மா பார்வையிலேயே என் கோட்டு காஞ்சுபோச்சு."

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் ஏணியைப் பிடித்தபடி, அண்ணாந்து பார்க்காமல், ஈரக் கல்தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாட்டறது அப்பா. ஊத்தறது நான். இறக்கறது அம்மா. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அப்படித்தான். இந்த வருஷம் இதுதான் முதல் முறை. நேத்து கடைசி ஆள் போனதும் நானும் அப்பாவும் படுக்கப் போயிட்டோம். யாராவது இறக்கிடுவாங்கன்னு ரெண்டு பேருமே நினைச்சிருக்கோம்... யாராவதுன்னா யாரு? அம்மா பிப்ரவரியிலேயே போயிட்டாங்க."

அவன் மெல்ல இறங்கினான். ஈரக் கொத்தைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். ஆறுதல் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது; பிப்ரவரியிலிருந்து ஊர் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆனால் வாயாடி ஆள் ஒன்றும் பேசாமல் கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அது அவளுக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு மேலேயே பிடித்திருந்தது.

*

ஜூலையில் ரோமானா வீட்டு முறை மறுபடி வந்தது. ஆப்ரிகாட் பழுக்கிற காலம். பள்ளத்தாக்கு முழுவதும் தேன் வாசனை. வியாழக்கிழமை மதியம், தேவாலயத் திருப்பத்தில் ஒரு சிறிய பஸ் ஹார்ன் அடித்தது. ஹார்ன் அடிக்க அங்கே ஒரு அவசியமும் இல்லை.

"படகு இன்னிக்கும் நின்னுபோச்சா?" என்று கேட்டாள் ரோமானா.

"நல்லாத்தான் ஓடுது. நான்தான் நிக்கற இடத்தை மாத்திட்டேன். இங்க வெல்ட்லீனர் ஒயின் பிரமாதம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"குடிச்சுப் பாத்தீங்களாக்கும்."

"குடிக்கலீங்க. ஊத்தற ஆளைப் பாத்துச் சொன்னேன்."

அவள் சட்டென்று திரும்பிச் சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மேஜையில் ஏற்கெனவே உப்பு இருந்தது. செவரின் அதைப் பார்த்தான். உதடு கொஞ்சம் வளைந்தது.

அடுத்த வியாழனும் வந்தான். விருந்தாளிகள் மேலே கல்லடுக்குச் சுவர்களுக்கிடையே உள்ள திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, அவன் கிணற்று மேடையில் உட்கார்ந்து அவளோடு ஆப்ரிகாட் கொட்டை எடுத்தான். கிரெம்ஸில் ஒரு வாடகை அறை, வீட்டில் வேறு யாருமில்லை, அதனால் அறைக்குப் போகவே பிடிப்பதில்லை என்றெல்லாம் சொன்னான்.

"சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. சத்தம் இல்லேன்னா பயம். அதான் இந்த வேலைக்கு வந்தேன். கிரெம்ஸ்ல ஆரம்பிச்சா மெல்க் வரைக்கும் வாயை மூட மாட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை வெச்சிருக்கேன்."

"எங்க ஊருக்கு என்ன கதை?"

"அது... இன்னும் முடியல," என்றான் அவன், கையிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டு.

ரோமானாவின் காது மடல்கள் சூடாயின. முப்பத்தொரு வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் முழுவதும் அப்பாவின் பூட்ஸைப் போடவில்லை.

மூன்றாவது வியாழன் வந்தபோது, வெள்ளைத் தலையோடு ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"கேட்டதும் மனசு தாங்கலம்மா. உன்னை மாதிரி ஒரு பொண்ணு எனக்கு இல்லையேன்னு இருந்துது. அந்தக் கொத்தை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

ரோமானாவுக்குப் புரியவில்லை. அவள் வெளியே வந்து பார்த்தாள். கொத்துக்குக் கீழே ஒரு வரிசையே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்து, துக்க வீட்டில் சிரிப்பதுபோல் மெதுவாகச் சிரித்தார்கள். இறங்காமல் பஸ்ஸிலேயே தங்கிவிட்ட சில வயதானவர்களுக்காக செவரின் மைக்கைப் போட்டிருந்தான். வெயிலுக்கு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அவன் குரல் தெருவுக்கே கேட்டது.

"...இப்பவும் அந்தப் பொண்ணு, முறை முடிஞ்ச பிறகும் மழையில கொத்தை இறக்காம விட்டு வெக்கறா. ஏன்னா, அதை இறக்கறது அவங்க அம்மா வேலை. என்னிக்காவது அம்மா வந்து இறக்குவாங்கன்னு..."

ரோமானா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் அப்பாவிடம்கூடப் பேசாத விஷயம் அது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, கல்தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு ஆளிடம் சொன்னது. அது இப்போது ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது, இல்லாததும் சேர்ந்து.

தெரு முனைக்குப் போய், அங்கே நின்ற பஸ்ஸின் கதவைத் தட்டினாள். அவன் மைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்கினான்.

"எத்தனை தடவை சொன்னீங்க இதை?"

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. "ரோமானா... நல்லபடியாத்தானே சொன்னேன். கேட்டவங்க எல்லாம் அழுதாங்க."

"அழவைக்கச் சொல்லி உங்ககிட்ட குடுத்தேனா? காத்துக்கிட்டிருக்கேன்னு யாரு சொன்னா? நான் காத்துக்கிட்டு இல்ல. மறந்துட்டேன். அவங்க இல்லேங்கறதையே மறந்துட்டேன். அது எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்துதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு..."

"அழகா..."

எதிர்வாசலில் ஸென்ஸி அத்தை, பஸ் ஜன்னலில் வரிசையாக முகங்கள், வீட்டு வாசலில் அப்பா. ஊர் பேசுவதற்கு இன்னொரு விஷயம் கிடைத்துவிட்டது. தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"கொத்து தொங்கினா யாரு வேணும்னாலும் உள்ள வரலாம். அது இந்த ஊரு வழக்கம். உங்களுக்கு மட்டும் அந்த வழக்கம் கிடையாது. இனிமே எங்க வாசல்ல கால் வெக்காதீங்க."

அவன் முகம் சுருங்கியது. அவனுக்கும் ரோஷம் உண்டே... ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசி ஆள் எழுந்திருக்கும் முன்பே ரோமானா கொத்தை இறக்கிவிட்டாள்.

*

பஸ் நிற்கவில்லையே தவிர, போய்க்கொண்டுதான் இருந்தது. ஆற்றங்கரைச் சாலை லோய்பாக் தெரு வழியாகத்தான் போகிறது, அவனுக்கு வேறு பாதை இல்லை. வியாழன் மதியம் தேவாலயத் திருப்பத்தில் இன்ஜின் சத்தம் கேட்கும். ஹார்ன் கேட்காது. ரோமானா அந்த நேரத்துக்கு ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பாள். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு, செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நிற்பதைக் கவனிப்பாள்.

கோபம் போகவில்லை. அதுதான் கஷ்டம். கோபமும் இருந்தது, அவன் கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிய காட்சியும் இருந்தது. ஒன்று போனால் மற்றதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே உள்ளே உட்கார்ந்திருந்தன.

அக்டோபரில் அறுவடை வந்தது. ஒரு மதியம், செங்குத்தான கல்படிகளில் கூடையோடு இறங்கி வந்தபோது, முற்றத்தில் ஒரு பெண் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கிராஸ் நகரத்துக்காரி, பெயர் ஐரீன், பல் மருத்துவர். வார நடுவில் பஸ்ஸில் வந்தாளாம், ஊர் பிடித்துப்போய் இன்று தனியாகக் காரில் வந்திருக்கிறாள். வாங்கிக்கொண்டு போக ஆறு பாட்டில் கேட்டாள்.

"பஸ்ஸுலயா வந்தீங்க? பஸ் எங்க வாசல்ல நிக்கறதில்லையே," என்றாள் ரோமானா, கூடையை இறக்கிவைத்தபடி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அதனாலதான் வந்தேன். அந்த வழிகாட்டி இருக்காரே, கிரெம்ஸ்லேருந்து வாயே ஓயல. டூர்ன்ஸ்டைன் கோட்டை, ஜெயில்ல இருந்த இங்கிலாந்து ராஜா, ஆத்துப் பிசாசு... ஷ்பிட்ஸ்ல ஒரு நாய்க்குக்கூடக் கதை வெச்சிருக்கார். இந்த ஊர் எல்லை வந்ததும் மைக்கை அணைச்சுட்டார். ஊர் தாண்டற வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. வண்டியும் மெதுவா போகுது. எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேனே. 'இந்த ஊருக்கு ஒரு கதை இருக்கு, ஆனா அது என்னோடது இல்ல, ஜன்னல் வழியா பாத்துக்கோங்க'ன்னார். அவ்வளவுதான். அப்பறம் மெல்க் போற வரைக்கும் கொஞ்சம் குரல் கம்மிதான்."

ரோமானா ஆறு பாட்டிலுக்குப் பதில் எட்டை எடுத்துவைத்தாள். அப்பா இரண்டைத் திரும்ப எடுத்துவைத்தார்.

சத்தம் இல்லையென்றால் பயம் என்றவன் அல்லவா அவன்... வாரா வாரம், இந்த ஒரு தெருவின் நீளத்துக்கு, அவன் அந்தப் பயத்தோடு வண்டி ஓட்டிப் போகிறான். மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பவில்லை. வாசலில் வந்து நின்று பாட்டுப் பாடவில்லை. சொல்லாதே என்றதைச் சொல்லாமல் இருக்கிறான், அது அவள் காதுக்கு வராது என்று தெரிந்தும்.

காரை அனுப்பிவிட்டு வந்த அப்பா கிணற்று மேடையில் உட்கார்ந்தார். அம்மா போன பிறகு அப்பா அதிகம் பேசுவதில்லை.

"அந்தப் பையன் சொன்ன கதையை நானும் கேட்டேன்," என்றார். "உங்க அம்மா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பா தெரியுமா?"

"திட்டியிருப்பாங்க."

"திட்டறதா... பஸ்ஸுல ஏறி மைக்கைப் பிடுங்கி, 'நீ தப்பாச் சொல்றே, நகரு'ன்னு தானே முழுசாச் சொல்லியிருப்பா. அந்த ஆளை மெல்க் போயே சேர விட்டிருக்கமாட்டா."

ரோமானா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்தது. அப்பா அவள் தோளில் கை வைத்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிப்ரவரிக்குப் பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

*

நவம்பரில் ரோமானா வீட்டின் கடைசி முறை முடிந்து, ஸென்ஸி அத்தையின் கொத்து ஏறியது. மலைச்சரிவில் திராட்சை இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. சுற்றுலா பஸ்களுக்கு அது கடைசி வாரம். வியாழனோடு அவையும் நின்றுவிடும், மறுபடி வசந்தத்தில்தான்.

வியாழக்கிழமை காலை ரோமானா அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு காட்டோரம் போய், பைன் கிளைகள் வெட்டி வந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து கட்டினாள். அப்பா பார்த்தார். கட்டு தளர்ந்திருந்த இடத்தில் தன் கையிலிருந்த கயிற்றால் இன்னொரு சுற்று சுற்றினார்.

"நான் மாட்டட்டுமா?"

"வேண்டாம்ப்பா. இதை நான் மாட்டணும்."

ஏணியின் கடைசிப் படியில் நின்று தெருவை ஒருமுறை பார்த்தாள். யாரும் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று இந்த வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து இருந்தவள் அவள். இப்போது தெரு நடுவில், அடுத்தவள் வாரத்தில், பட்டப்பகலில் தானே கொத்தை ஏற்றுகிறாள். வசந்தம் வரை ஊருக்கு இது போதும். அவன் நிற்காமல் போய்விட்டால்... ஊர் சிரிக்கும். பரவாயில்லை, மாட்டினாள்.

"ரோமானா." எதிர்வாசலிலிருந்து அத்தையின் குரல். "இது என் வாரம்."

"தெரியும் அத்தை."

"மறுபடியும் மறந்துட்டியோன்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை இறக்கினதை நான் பாத்தேனே..."

"மறக்கல. இப்பதான் மாட்டினேன்."

அத்தை வாயைத் திறந்தாள். கொத்தைப் பார்த்தாள். ரோமானாவின் புது நீலச் சட்டையைப் பார்த்தாள். சட்டைக்குக் கீழே ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். வியாழக்கிழமை என்பதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் மழை பிடித்தது. தேவாலயத் திருப்பத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. இந்த முறை ரோமானா உள்ளே போகவில்லை, வாசல் வளைவுக்குக் கீழேயே நின்றாள். பஸ் மெதுவாக வந்தது. வைப்பருக்குப் பின்னால் அவன் முகம். கண்கள் மேலே போய்க் கொத்தில் நின்றன, அத்தை வீட்டுக் கொத்துக்குத் தாவின, திரும்பி வந்தன. அவளைப் பார்த்தான்.

பஸ் நிற்காமல் கடந்து போனது.

ரோமானா வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டாள். எதிரே அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தெரு முனையில் பிரேக் சத்தம் கேட்டது. அங்கேதான் வண்டி நிறுத்த இடம் உண்டு... அது அவளுக்கு எப்படி மறந்துபோயிற்று? கதவு திறந்தது. மஞ்சள் கோட்டு இறங்கி, மழையில் ஏறக்குறைய ஓடி வந்தது. வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன்.

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். மூச்சு வாங்கியது.

"இல்ல."

"எதிர்வீட்டம்மா வாரம்தானே?"

"ஆமா."

அவன் நிலைப்படியைப் பார்த்தான். கால் வைக்கவில்லை. "யாரு வேணும்னாலும் வரலாம், நான் மட்டும் கூடாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இன்னிக்கு மாத்திட்டேன். வேற யாரும் வரக்கூடாது. நீங்க மட்டும் வரலாம்."

மழை கோட்டின் விளிம்பிலிருந்து சொட்டியது. அவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நான் சொன்னது தப்பு, ரோமானா," என்றான். "கதையைச் சொன்னது மட்டும் இல்ல, மாத்தினதும். நீங்க மறந்ததுதான் உண்மை. அதுக்கு மேல அழகு பண்ண எனக்கு என்ன இருக்கு? அன்னிக்கே சொல்லியிருக்கணும். ரோஷம் விடல. அப்பறம், சொல்ல உள்ள வரணும், உள்ள வரக்கூடாதுன்னுட்டீங்க. வாயை மூடிக்கிட்டு இருக்கறது ஒண்ணுதான் எனக்குச் செய்ய முடிஞ்சுது."

"கேள்விப்பட்டேன். ஒரு பல் டாக்டர் வந்து சொன்னாங்க."

"கஷ்டமா இருந்துது," என்றான். சின்னப் பையன் மாதிரி ஒப்புக்கொண்டான்.

தெரு முனையில் பஸ் ஜன்னல் ஒன்று திறந்தது. "கடை திறந்திருக்காப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. பின்னாலேயே குடைகள் இறங்க ஆரம்பித்தன. ரோமானா தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். ஊர் முழுக்கக் கேட்டாலும் கேட்கட்டும் என்ற குரல்.

"அத்தை, பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாரையும் நீங்க எடுத்துக்கோங்க. எனக்கு ஒருத்தர் போதும்."

ஸென்ஸி அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இதுக்கு ரெண்டு கொத்தா? இப்படி ஒரு வியாபாரத்தை நான் பாத்ததே இல்ல," என்று முணுமுணுத்தபடி குடைகளைத் தன் பக்கம் திருப்பினாள். "இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம். அங்க போகாதீங்க. அங்க ஒயினும் இல்ல, ஒண்ணும் இல்ல."

செவரின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். கூரைக்குக் கீழே, அன்றைக்கு எல்லோரும் ஒண்டிய அதே மேஜையில் உட்கார்ந்தான். ரோமானா திராட்சைச் சாறு ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது.

"அடுத்த வாரத்துலேருந்து பஸ் இல்லையே?" என்றாள், துணியால் துடைத்துக்கொண்டே.

"இல்ல. வசந்தம் வரைக்கும் வேலை இல்ல."

"அப்ப பஸ் இல்லாம வாங்க. ஒயின் குடிச்சுப் பாக்கலாம். பீச் வாசனை வருதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

அவன் குவளையைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். பச்சைதான்... சாம்பல் இல்லை. இவ்வளவு பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது.

"வந்தா திரும்பிப் போகப் பிடிக்காதே. கிரெம்ஸ்ல அந்த அறை ரொம்ப அமைதி."

ரோமானா துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். எல்லாவற்றையும் அவன்தான் சொல்ல வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா என்ன...

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "அன்னிக்கு ஏணியிலேருந்து ஒண்ணும் பேசாம இறங்கினீங்களே, அப்பவே. கோபத்துலகூட அது போகல. அப்பறம்... இந்த வீட்டுல மாட்டறதுக்கு அப்பா இருக்கார், இன்னிக்கு நானே மாட்டிட்டேன். ஊத்தறதுக்கு நான் இருக்கேன். இறக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

செவரின் மேஜை மேல் இருந்த அவள் கையை, துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அது பெரிய வேலை," என்றான். குரல் உடைந்திருந்தது. "மறக்கக்கூடாத வேலை."

"மறந்தாலும் பரவாயில்ல. நீங்க மறந்தா நான் ஞாபகப்படுத்தறேன். நான் மறந்தா நீங்க."

எதிர்வீட்டில் பாட்டு கிளம்பியது. சமையலறைக் கதவருகே அப்பா வந்து நின்று, இருவரையும் பார்த்துவிட்டு, வந்த வேலை மறந்தவர்போல் திரும்பிப் போனார். இருட்டுவதற்குள் பஸ் புறப்பட வேண்டும். அதற்கு முன்னால் செவரின் ஏணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ரோமானா பிடித்துக்கொண்டாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை, மழை கண்ணில் விழ விழ, கொத்து இறங்கி வருவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.